தஞ்சாவூர்க் கதை எழுதச் சுலபமான ஐந்து விதிகள்

காதல், இழப்பு, குடும்பம், எதிர்பாராத நம்பிக்கை ஆகிய நான்கையும் ஒரே சிறுகதைக்குள் அடக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் காவிரி டெல்டாவுக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே மண்ணைக் கிளறினாலே எழுத்தாளர்கள் கிடைப்பார்கள். மற்றதற்குக் கீழ்க்கண்ட விதிகள் போதும்.

1. ஆற்றைத் தேர்ந்தெடுங்கள். காவிரி என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு என்று ஏதாவது ஒன்றைக் குறிப்பாகச் சொன்னால் உள்ளூர்க்காரர் என்று நம்பிவிடுவார்கள். ஆனால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்று பேர். அன்று திறக்காத ஆண்டுகளே அதிகம். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை கடைசி வரை காக்க வைத்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் உங்கள் கதாநாயகி மனமுடைந்து ஆற்றில் குதித்திருந்தால் கணுக்கால்தான் சுளுக்கியிருக்கும்.

2. காதலைச் சொல்லாதீர்கள். கும்பகோணத்துக் கு.ப. ராஜகோபாலன் 1944இல், 42 வயதில் இறப்பதற்குள் இந்த வித்தையைக் கரைத்துக் குடித்துவிட்டார். மௌனி இரண்டு டஜன் கதைகளோடு நிறுத்திக்கொண்டார். புரிந்தவர்களும் புரியாதவர்களும் சரிசமமாகக் கும்பிட்டார்கள். தி. ஜானகிராமன் 'மோகமுள்' எழுதிய பிறகு, கும்பகோணத்தில் பாட்டுக் கற்றுக்கொள்ளும் பையன் எவனும் சந்தேகத்துக்குத் தப்ப முடியாது. ஆகவே பாட்டு வாத்தியார் வேண்டாம். டியூஷன் வாத்தியார் போதும்.

3. இழப்பைக் கணக்காகச் சொல்லுங்கள். கண்ணீரைவிட நிலம் வேகமாகச் சுருங்கும். நில அளவில் ஒரு வேலி என்பது 20 மா. தாத்தாவுக்கு ஒரு வேலி. மூன்று பிள்ளைகள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஏழு மாவுக்கும் குறைவு. அவர்களுக்கும் மும்மூன்று பிள்ளைகள் என்றால், பேரன் பங்கு இரண்டு மா சொச்சம். பெண்களைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று கேட்காதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் கதையில் வரும் அக்காள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். பங்கு கேட்டால் அது குடும்பக் கதை ஆகாது, கோர்ட்டுக் கதை ஆகிவிடும்.

4. நடவுப் பெண்களைத் தூரத்தில் வையுங்கள். வரிசையாக, குனிந்தபடி, குலவை போட்டுக்கொண்டு. அழகாக இருக்கும். ஒருத்தியை மட்டும் நிமிர விடாதீர்கள். நிமிர்ந்தால் கூலி எவ்வளவு என்பாள். கூலி கேட்டதற்கு இந்த டெல்டாவில் என்ன நடந்தது என்று வாசகருக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25இல், கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். இந்திரா பார்த்தசாரதி அதை வைத்துக் 'குருதிப்புனல்' எழுதி 1977இல் சாகித்ய அகாதமி விருதும் வாங்கிவிட்டார். நமக்கு எதற்கு வம்பு? திண்ணையில் காப்பி ஆறுகிறது, அதை எழுதுங்கள்.

5. கடைசியில் நம்பிக்கை. மழை பெய்து முடிகிற முடிவு கூடவே கூடாது. தை மாதத்து மழையைப் பார்த்து டெல்டாவில் ஒருவரும் சிலிர்க்க மாட்டார்கள். சம்பா நெற்பயிர் சாய்ந்துவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பி அனுப்புவார்கள்.

வேறு என்ன செய்யலாம்? மாதிரிக்கு ஒன்று.

அப்பா போய்விட்டார். அக்காள் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டாள். தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். ஐப்பசி மழையில் அவன் நாற்றங்கால் அழுகிப்போகிறது. வரப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து, "அக்கா பங்குல நாத்து மிச்சம் கெடக்கு சின்னய்யா. கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க?" என்கிறாள். அவனுக்குக் கேட்க வாய் வரவில்லை. அவளே போய்ச் சொல்கிறாள். சாயங்காலம் அக்காளிடமிருந்து போன்: "ஏண்டா, நாத்து முத்துதுல்ல? ஆள வெச்சுப் பறிச்சுக்க. பணம் அறுப்புல பாத்துக்கலாம்." நடவு அம்மாள் மட்டும் கறாராக இருக்கிறாள்: "பறிக்கிற கூலி தனி, சின்னய்யா. அத அறுப்புக்குத் தள்ளாதீங்க."

இந்த முடிவில் ஒரு சங்கடம் உண்டு. அக்காள் மூன்றாம் விதிப்படி கையெழுத்துப் போட்டிருந்தால் அவளிடம் வயலே இல்லை, நாற்று ஏது? அந்த அம்மாள் நான்காம் விதிப்படி குனிந்தே இருந்திருந்தால் சேதி போயிருக்காது. விதியைக் காப்பாற்றினால் தம்பியின் இரண்டு மாவும் இந்தப் போகம் தரிசு. எது வேண்டும் என்பதை எழுதுகிறவரே முடிவுசெய்துகொள்ளலாம். எப்படி எழுதினாலும், கதை முடிவதற்குள் அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.