வெளியே போ என்றவரை வெளியே போட்ட கதை

மோட்சத்தில் யாருக்கெல்லாம் இடம் என்ற கேள்விக்கு ரோமாபுரி ஒருகாலத்தில் யோசிக்காமல் பதில் சொல்லும்: நமக்கு மட்டும். 1302-இல் எட்டாம் போனிஃபாஸ் பாப்பரசர், தனக்குக் கீழ்ப்படியாத எவருக்கும் மீட்பு கிடையாது என்று எழுதியே வைத்தார். 1442-இல் ஃபுளோரன்ஸ் சங்கம், வேற்று மதத்தார், யூதர், பதிதர், பிரிந்து போனவர் என்று வகை வகையாகப் பிரித்து, அத்தனை பேரையும் ஒரே நெருப்பில் தள்ளியது.

ஐம்பதே வருடத்தில் கொலம்பஸ் போய் இறங்கிய கரையில், இயேசுவின் பெயரையே கேள்விப்படாத ஜனங்கள் நின்றார்கள். இவர்களையும் தள்ளுவதா? இழுத்துப் பறித்து, 1863-இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர், தன் குற்றமில்லாமல் அறியாமல் இருப்பவன் தப்பலாம் என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டார்.

அந்த ஜன்னலை அறைந்து சாத்தக் கிளம்பியவர், பாஸ்டனின் சேசு சபைச் சாமியார் லியனார்ட் ஃபீனி. திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்றால் இல்லைதான், அதில் என்ன சலுகை என்பது அவர் கட்சி. அந்த ஊர்ப் பேராயர் குஷிங்குக்குத் தர்மசங்கடம். அவர் சகோதரியின் கணவரே யூதர். விருந்துக்கு வரும் மைத்துனரை நரகத்துக்கு அனுப்ப முடியுமா?

1949-இல் பேராயர் ஃபீனியின் வாயைக் கட்டினார். ரோமாபுரியும் கடிதம் போட்டது: சபையில் சேர ஆசைப்பட்டாலே போதும்; ஆசைப்படுவது தனக்கே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நிபந்தனைகள் உண்டு.

ஃபீனி அடங்கவில்லை. ஞாயிறுதோறும் பாஸ்டன் காமன் பூங்காவில் நின்று யூதர்களையும் பிராட்டஸ்டண்டுகளையும் வாய்க்கு வந்தபடி ஏசினார். அமெரிக்க அரசியல் சாசனம் அதற்கும் சுதந்திரம் கொடுத்தது. யாரை நரகத்துக்கு அனுப்பினாரோ, அவர்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் போலீஸ்தான் அடிதடி வராமல் காவல் நின்றது.

ரோமாபுரிக்கு வா என்று கூப்பிட்டார்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தால் வருகிறேன் என்றார். 1953 பிப்ரவரியில், வெளியே இருப்பவனுக்கு மீட்பில்லை என்று கத்தியவரைத் திருச்சபையே வெளியே தள்ளியது. காரணம் கொள்கை இல்லையாம், கீழ்ப்படியாமையாம்! 1972-இல், சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட வாபஸ் வாங்கச் சொல்லாமல், திரும்பச் சேர்த்துக்கொண்டது.

நடுவில் போன 19 வருடத்தில் ஃபீனி கண்ணை மூடியிருந்தால்? அவர் கணக்குப்படி நேராக நரகம். தப்பிக்க இருந்த ஒரே வழி, அவர் காறித் துப்பிய அந்தக் கடிதம்தான்.