பின்போல் எந்திரப் பொதிகட்டலியல்: வஹகோட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

நான்கு கால், ஒரு தலை, வயிறு நிறைய வயர், மேலே கண்ணாடி என்றிருக்கும் பின்போல் எந்திரம் ஒன்றை மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில் பொதிகட்டி, யாழ்ப்பாணத்துக்குக் கூரியரில் அனுப்புவது எவ்வாறு என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வெல்லையை முதலிலேயே வரையறுத்துவிடுவோம். எந்திரம் கற்பனை, வீதிகள் உண்மை. பொருள் கைவசம் இல்லாமல் ஆய்வு செய்யலாமா என்று கேட்போருக்கு, குமரிக்கண்டம் பற்றி வெளிவந்துள்ள நூல்களின் பருமனைச் சுட்டிக்காட்டிவிட்டு அப்பால் செல்கிறோம்.

பின்போலைக் கண்டறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சாய்ந்த பலகை ஒன்றின்மேல் உருக்குப் பந்தை ஸ்பிரிங்கால் எய்ய வேண்டும். அது கண்டதிலெல்லாம் முட்டி மோதிக்கொண்டு கீழே வரும். வாசலில் நிற்கும் இரண்டு துடுப்புகளால் அதைத் தட்டித் தட்டி மேலே திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். பந்தின் விட்டம் 27 மில்லிமீற்றர், எடை 80 கிராம். பலகையின் சாய்வு ஏறத்தாழ 6.5 பாகை. ஸ்பிரிங்கால் எய்யும் முறைக்கு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மொன்டேகு ரெட்கிரேவ் என்பவர் 1871இல் காப்புரிமை பெற்றார். தட்டும் துடுப்போ 1947இல், கொட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ எந்திரத்தில்தான் வந்தது. இடைப்பட்ட எழுபத்தாறு ஆண்டுகளும் பந்தை எய்தவர், எந்திரத்தை இடுப்பால் இடித்துப் பார்ப்பதும் கடவுளை வேண்டுவதுமாகக் காலம் கழித்தார்.

இங்குதான் இக்கட்டுரையின் எடுகோள் பிறக்கிறது. கூரியர் சேவை இன்னும் 1947க்கு முந்திய கட்டத்திலேயே நிற்கிறது. பொதியை எய்யலாம், எய்தபின் தட்ட முடியாது. கவுண்டரில் ரசீது வாங்கிய கணத்திலிருந்து அனுப்புநருக்கு எஞ்சியிருப்பது போனை உற்றுப் பார்ப்பதும் வேண்டுதலும் மட்டுமே.

வேண்டுதல் என்றதும் வஹகோட்டையைத் தெரிவுசெய்த காரணம் விளங்கியிருக்கும். கண்டி அரசர் காலத்தில் குடியேறிய போர்த்துக்கேய வழிவந்த கத்தோலிக்கர்களின் ஊர் இது. இங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு ஜூன் திருவிழாவில் தீவின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். சிங்களவர், தமிழர் என்ற பேதம் வேண்டுதலுக்குக் கிடையாது. காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துத் தருபவர் அந்தோனியார் என்பது உலகளாவிய நம்பிக்கை. அவருடைய சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிய நவதுறவி, அவர் செபித்ததும் தானே திரும்பக் கொண்டுவந்து கொடுத்தான் என்பது மரபுக்கதை. அக்காலத்தில் டிராக்கிங் நம்பர் இல்லை என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும்.

ஆனால் அவருடைய வாழ்க்கை வரலாற்றையே பொதிப் போக்குவரத்து நோக்கில் எவரும் படிக்காமல் விட்டது பெருங்குறை. 1195இல் லிஸ்பனில் பிறந்தார். மறைபரப்ப மொரோக்கோவுக்குப் புறப்பட்டார். அங்கே நோயில் விழுந்து, ஊர் திரும்பக் கப்பலேறினார். புயல் அந்தக் கப்பலைக் கொண்டுபோய்ச் சிசிலியில் சேர்த்தது. கடைசியில் இத்தாலியின் பதுவை நகரருகே 1231 ஜூன் 13ஆம் திகதி காலமானார். இன்றைக்கு உலகம் அவரைப் பதுவை அந்தோனியார் என்றே அழைக்கிறது. அனுப்பிய இடம் அழிந்து, இறக்கிய இடமே பெயரோடு ஒட்டிக்கொண்ட பொதி இது. வழிதவறிய சரக்குகளுக்காகப் பரிந்துபேச இவரைவிடத் தகுதியானவர் வானுலகில் இருப்பதாகத் தெரியவில்லை. ஒன்றைமட்டும் விடாமல் குறிப்பிட வேண்டும்: இறந்து ஓராண்டு நிறைவதற்குள், 1232 மே 30இல், அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்துவிட்டது. திருச்சபை வரலாற்றில் இவ்வளவு விரைவான டெலிவரி மிக அரிது.

இனி முறையியல்.

முதலில் பந்துகளை வெளியே எடுக்க வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பவர் தம் கண்ணாடிக்குக் கீழே 80 கிராம் உருக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உருண்டு திரிவதைக் கற்பனை செய்து பார்க்கலாம். அடுத்தது ஊசல். எந்திரத்தின் உள்ளே ஒரு சிறு வளையத்தின் நடுவே ஊசல் ஒன்று தொங்கும். ஆடுபவர் எந்திரத்தை அளவுக்கு மீறி உலுக்கினால் அது வளையத்தில் பட்டு, ‘டில்ட்’ என்று அறிவித்து அந்தப் பந்தின் ஆட்டத்தை முடித்துவிடும். உலகத்தில் தன்னை உலுக்குவதற்கு எதிராக இவ்வளவு நுட்பமாக முறைப்பாடு செய்யக்கூடிய பொருள் வேறில்லை. அப்படிப்பட்ட ஒன்றையே நாம் லொறியில் ஏற்றப்போகிறோம். பிளக் கழற்றப்பட்டிருப்பதால் முறைப்பாடு பதிவாகாது. ஆயினும் ஊசலைக் கழற்றிவிடுவதே மரியாதை.

மூன்றாவது, சாவி. பொதிகட்டலியலில் இதைவிடச் சிக்கலான பகுதி இல்லை. காசு போடும் கதவுக்குச் சாவி உண்டு. அந்தக் கதவுக்கு உட்புறம் சாவி கொளுவ ஒரு கொக்கியும் உண்டு. தொலையாமல் இருக்கட்டும் என்று சாவியை அந்தக் கொக்கியில் கொளுவிக் கதவைச் சாத்துகிறோம். அடுத்த கணம் அந்தச் சாவி மிகப் பாதுகாப்பாக இருக்கிறது, நம்மிடமிருந்தும். இதைத் தவிர்க்க, பந்தை எய்யும் கம்பியிலேயே சாவியைக் கட்டிவிடுவது அனுபவசாலிகள் வழக்கம். வெளியில் தெரியும், பெட்டியோடு போகும், பூட்டுக்குள் அகப்படாது.

பிறகு தலை. பின்னால் நிமிர்ந்து நிற்கும் விளக்குப் பெட்டியை முன்பக்கமாக மடித்துப் படுக்க வைக்க வேண்டும். இடையில் ஒரு பழைய போர்வை. புதுப்போர்வை போடுபவர் இருக்கிறார்கள். அது திரும்பி வராது. கால் கழற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு. பின்னங்கால் இரண்டையும் முதலில் கழற்றிவிட்டு எந்திரத்தைப் பின்புறமாக நிமிர்த்தி நிறுத்தினால், முன்னங்கால்கள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும், ஆறுதலாகக் கழற்றலாம். காலுக்கு இரண்டாக எட்டு போல்ட். அவற்றை ஒரு பொலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டு எண்ணிப் பார்த்தால் ஏழுதான் இருக்கும். அந்தோனியார் இங்கே முதற்தடவையாக அழைக்கப்படுகிறார்.

மூடுபொருள்களைப் பொறுத்தவரை ரெஜிபோம், பபிள் ராப், காட்போட் மூன்றும் போதும். நம்மவர் வீடுகளில் பிரிட்ஜ் வந்த பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்துப் பல வருடம் காப்பது எதற்கு என்று இளையோர் கேட்பதுண்டு. இதற்குத்தான்.

பொதிகட்டுவது வெறும் வீட்டு விவகாரம் என்று கருத வேண்டாம். வஹகோட்டைக்குக் கிட்டிய கலேவெலயும் அதற்கப்பாலுள்ள தம்புள்ளையும் பம்பாய் வெங்காயமும் மரக்கறியும் விளையும், விலைபேசப்படும் பூமி. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மூட்டையாக ஏற்றப்படும் மரக்கறியில் கணிசமான பங்கு நசுங்கி வீணாகிறது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. 2011 டிசம்பரில் அரசாங்கம், இனிமேல் பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கித்தான் கொண்டுபோக வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. கூடை மரக்கறியைக் காக்கும், ஆனால் லொறியில் இடத்தையும் பிடிக்கும், வெறுமையாகத் திரும்பியும் வர வேண்டும். அந்தச் செலவு யாருக்கு என்று விவசாயிகளும் வியாபாரிகளும் தம்புள்ளையில் கொதித்தெழுந்தார்கள். விதி தளர்ந்தது. கோவா இன்றும் சாக்கில்தான் பயணம் செய்கிறது. ஒரு தேசத்தின் கோவாவுக்கே இந்த நிலை என்றால் பின்போலுக்கு யார் பேசப்போகிறார்கள்?

பெட்டியைக் கட்டி முடித்தாயிற்று, அடுத்தது கவுண்டர். அங்கே நடக்கக்கூடிய உரையாடலை ஆய்வு வசதிக்காகத் தருகிறோம்.

“உள்ளுக்கு என்ன?”

“விளையாட்டுச் சாமான் தம்பி.”

“இவ்வளவு பாரமா? பிள்ளைக்கு எத்தனை வயசு?”

“ஐம்பத்தாறு.”

தராசு 125 கிலோ காட்டுகிறது என்று கொள்வோம். ஆனால் கூரியர்க்காரர் தராசை நம்புவதில்லை. அளவு நாடாவை எடுப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவதைக் கொள்ளளவு எடை என்பார்கள். நமது பெட்டி 142க்கு 76க்கு 79. பெருக்கி வகுத்தால் 170 கிலோவுக்குச் சற்று மேலே. உண்மை எடை, கொள்ளளவு எடை என்ற இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. ஆக, எந்திரத்தோடு சேர்த்து ஏறத்தாழ 45 கிலோ வஹகோட்டைக் காற்றையும் நாம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறோம். நல்ல காற்றுத்தான். இருந்தாலும் அங்கே அதற்குத் தட்டுப்பாடு இருப்பதாகத் தகவல் இல்லை.

‘உடையக்கூடியது’, ‘இப்பக்கம் மேலே’ என்ற ஸ்டிக்கர்களை மூன்று மொழியிலும் ஒட்டுவது நாட்டு வழமை. மூன்று மொழியிலும் வாசித்துவிட்டு ஒரே மாதிரி எறிவார்கள். எனினும் ஒட்டியதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்; இழப்பீட்டுப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும்.

அடுத்தது வழித்தடம். வரைபடத்தை விரித்தால் இதில் ஆய்வுக்கே இடமில்லை போலத் தெரியும். கலேவெல சந்திக்கு வந்து ஏ6 வீதியில் தம்புள்ளை, அங்கிருந்து ஏ9 வீதியில் வடக்கே மிகிந்தலை, வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம். மூக்குப் பிடித்தாற்போல் நேர்வழி. ஆனால் பொதிகளைப் பிரிக்கும் மையம் கொழும்பில் இருக்குமாயின், பொதி முதலில் தெற்கே குருநாகல் வழியாக அம்பேபுஸ்ஸவுக்கு இறங்கி, ஏ1 வீதியில் கொழும்பு சேர்ந்து, தரையில் இரண்டு நாள் கிடந்து, வடக்கு லொறியில் ஏறி, மறுபடி குருநாகல் தாண்டி, நள்ளிரவில் கலேவெல சந்தியைக் கடந்து போகும். முன்னே சொன்ன எடுகோள் இங்கே நிரூபணமாகிறது. மேலே எய்த பந்து, பம்பருக்குப் பம்பர் இடிபட்டு, வந்த வழியே கீழே விழுந்து, திரும்பவும் மேலே போகிறது. ஒரேயொரு வித்தியாசம், இதில் புள்ளி ஏறுவதில்லை, கட்டணம்தான் ஏறுகிறது.

ரயிலில் அனுப்பலாமே என்போர் உளர். மாத்தளைப் பாதை 1880இல் திறக்கப்பட்டு மாத்தளையிலேயே முடிந்துவிட்டது. வடக்கே போக விரும்பும் பொதி கண்டி, பேராதனை வழியாகப் பொல்காவலைவரை இறங்கி, பிறகு வடக்குப் பாதையில் திரும்ப வேண்டும். கீழே போகாமல் மேலே போக முடியாது என்ற தத்துவத்தைக் கூரியர் கண்டுபிடிக்கவில்லை, ஆங்கிலேயரின் தண்டவாளத்திலேயே அது இருக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

எஞ்சியிருப்பது பஸ். இந்நாட்டின் உண்மையான கூரியர் சேவை இதுவே. அதற்குக் கவுண்டரும் இல்லை, படிவமும் இல்லை. தம்புள்ளையில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸை மறித்து, கண்டக்டர் கையில் பொதியோடு கொஞ்சம் காசும் கொடுத்துவிட்டு, பஸ் இலக்கத்தைப் போனில் சொன்னால் போதும். மறுமுனையிலிருந்து, “அண்ணை, கண்டக்டரின்ர நம்பரையும் ஒருக்கா அனுப்பிவிடுங்கோ” என்று கேட்பார்கள். விடியற்காலையில் பஸ் நிலையத்தில் ஆள் நிற்கும். மருந்து, மாம்பழம், பாஸ்போர்ட், கலியாணப் புடைவை எல்லாம் இப்படித்தான் போய்ச் சேர்கின்றன. 125 கிலோவை இப்படிக் கொடுத்தால் கண்டக்டர் என்ன சொல்வார் என்பதை அச்சிட இயலாது.

ஆகவே கூரியரே. பொதி யாழ்ப்பாணம் சேர்ந்துவிட்டது என்று கொண்டால், கடைசிக் கட்டம் முகவரி. ஒழுங்கையின் பெயர், வீட்டு இலக்கம், அஞ்சல் குறியீடு யாவும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். டெலிவரித் தம்பி அவற்றைப் பார்ப்பதேயில்லை. கீழே உள்ள போன் இலக்கத்தை மட்டும் பார்ப்பார். “சந்தியில நிக்கிறன், வந்து எடுங்கோ” என்பார். கடித உறைக்கும் கைத்தொலைபேசிக்கும் உண்டாக்கிய நடைமுறை. பின்போலுக்கு விதிவிலக்கு எழுதப்படவில்லை. பெறுநர் சந்திக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஓட்டோவைக் கேட்டுச் சரிவராமல், கடைசியில் லாண்ட் மாஸ்டர் உழவு எந்திரம் பிடிப்பார். ஏற்ற நாலு பேர், இறக்க நாலு பேர், ஆளுக்கொரு சோடா.

இந்த லாண்ட் மாஸ்டர் கூலியை அனுப்புநர் தருவதா, பெறுநர் தருவதா என்பதில் அறிஞர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. பெறுநர் இதுபற்றி எழுப்பிய வினா இன்னும் நிலுவையில் உள்ளது. அனுப்புநர் போனை எடுக்கிறாரில்லை.