பெட்டிசன் அண்ணாச்சி

மல்லாங்கிணறு டீக்கடை பெஞ்சின் ஓரத்தில், மடியில் பேப்பரும் சட்டைப் பையில் மைப் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவர்தான் பெட்டிசன் அண்ணாச்சி. ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர் பாஸ். "அந்தக் காலத்து ஹையர்" என்று அவர் அழுத்திச் சொல்லும்போது, எதிரே நிற்கும் எம்.ஏ. படித்த பையன் தானாகவே லோயருக்கு இறங்கிவிடுவான்.

விருதுநகர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் என்றால், ஞாயிறு சாயங்காலமே அண்ணாச்சிக்குக் கூட்டம் கூடிவிடும். கட்டணம் ஒரு டீ, இரண்டு வடை. வெள்ளைத் தாளை ஓரமாக மடித்து மார்ஜின் விடுவார். 'ரெஸ்பெக்டட் சார்' எழுதிவிட்டு, பேனாவை ஒரு உதறு உதறி, அப்புறம்தான் கேட்பார்: "சங்கதி என்ன?"

சங்கதி எதுவானாலும் ஒரு தொடர் விழுந்தே தீரும்: 'டு த பெஸ்ட் ஆஃப் மை எபிலிட்டி'. ரசத்துக்குப் பெருங்காயம் சரி. அண்ணாச்சி பாயசத்திலும் போடுவார்.

"அப்படின்னா என்ன அண்ணாச்சி?"

"ஜனாதிபதியே இதைச் சொல்லித்தான் பதவி ஏத்துக்கிறாரு. உனக்கு அர்த்தம் வேணுமாக்கும்?"

பொய் இல்லை. நம் அரசியல் சட்டத்தின் 60-ஆவது பிரிவில், ஜனாதிபதியின் உறுதிமொழியில் இந்தத் தொடர் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி சொல்லும் 35 சொல் உறுதிமொழியிலும் இருக்கிறது. நம் ஹைகோர்ட் நீதிபதிகள் எபிலிட்டியோடு நாலெட்ஜ், ஜட்ஜ்மென்ட் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள். 'என்னால் இயன்ற மட்டும் செய்வேன்' என்று பொருள். ஆக, செய்ய ஒரு ஆள் வேண்டும், செய்வதற்கு ஒரு காரியமும் வேண்டும். இந்த இரண்டும் அண்ணாச்சிக்கு அவசியப்பட்டதில்லை.

மில்லுக்குப் போகும் பையனுக்கு லீவு லெட்டர் எழுதினார்: 'என்னால் இயன்ற மட்டும் காய்ச்சலில் அவதிப்படுகிறேன்.' காய்ச்சலில்கூட இப்படி உழைக்கிறானே என்று மேனேஜர் மூன்று நாள் கொடுத்துவிட்டார்.

பசு விஷயத்தில் அது பலிக்கவில்லை. கறவை மாடு செத்துப்போன சம்சாரி ஒருவர் இன்சூரன்சுக்கு எழுதச் சொன்னார். 'டு த பெஸ்ட் ஆஃப் மை எபிலிட்டி, த கவ் டைட்.' என்னால் இயன்ற மட்டும் பசு இறந்தது! அதிகாரி தாளை ஒரு தடவை பார்த்தார், சம்சாரியை இரண்டு தடவை பார்த்தார். "மாட்டை என்னய்யா செஞ்ச?"

காலேஜில் படிக்கும் பேத்திக்குப் பொறுக்கவில்லை. "தாத்தா, அங்க நாலெட்ஜ் வரணும். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்னு அர்த்தம்."

"நாலெட்ஜ்னு போட்டா, உனக்கு என்ன தெரியும்னு கேப்பான். எபிலிட்டின்னா எவன் கேக்கப்போறான்?"

வாய்தான் இப்படிப் பேசியதே தவிர, பேத்தி சொன்னது மனசில் தைத்துவிட்டது. அடுத்து வந்தது, சிவகாசி அச்சாபீசில் வேலை கேட்டு ஒரு பையனின் மனு. 'வேலை கொடுத்தால் என்னால் இயன்ற மட்டும் உழைப்பேன்' என்று எழுத வேண்டிய இடம். அந்தத் தொடர் ஆயுசில் முதல்முறையாகத் தன் சொந்த வீட்டுக்குப் போகவேண்டிய நேரம். அண்ணாச்சி யோசித்தார். எபிலிட்டியை அடித்துவிட்டு நாலெட்ஜ் போட்டார்.

'எனக்குத் தெரிந்த வரையில் நான் நன்றாக உழைப்பேன்.'

முதலாளி சிரித்துவிட்டார். "ஏன் தம்பி, உனக்கே சந்தேகமா?"

செய்யப்போகும் காரியத்துக்கு எபிலிட்டி, அறிந்து சொல்லும் சேதிக்கு நாலெட்ஜ். இவ்வளவுதான் இலக்கணம். இதுவும் சிரமம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. 'ஐயா, என் மாடு செத்துப்போச்சு' என்று தமிழில் எழுதினால், கொன்றது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.