தைந்மஓ

எங்கள் ஊர்ப் பெயரைக் கடைசியிலிருந்து வாசித்தால் தைந்மஓ என்று வரும். சளி பிடித்தவன் தும்முகிற சத்தம். தொல்காப்பியர் காதில் விழுந்திருந்தால் மனுசன் எழுத்தாணியைக் கீழே வைத்திருப்பார்: ந்-க்குப் பின்னால் ம வரக் கூடாது, தனி ஓ வால் மாதிரித் தொங்கக் கூடாது. ஆனபடியால் ஓமந்தையை ஓமந்தையாகவே வாசிக்க வேண்டும், திருப்பிப் பார்க்கப்படாது. ஊர்ச்சனம் அதை மதித்தது. ஊரைப் பிடிக்க வந்தவர்கள்தான் மதிக்கவில்லை.

இங்கிலீசில் எழுதினால் கதை வேறு. பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடி முன்னால் பிடியுங்கள். ஓ, எம், ஏ, ரி, எச், ஏ, ஐ, இந்த ஏழும் இடம் மாறுமே ஒழிய முகம் மாறாது. நாலாவதாக நிற்கிற என் மட்டும் குறுக்குக்கோட்டை மறுபக்கம் சாய்த்துக்கொண்டு, ரஷ்யாக்காரன் இ என்று வாசிக்கிற எழுத்தாக நிற்கும். சரி, பக்கத்திலிருக்கிற வவுனியாவையும் எழுதிப் பார்ப்போம் என்று எழுதினேன். வி, ஏ, வி, யு, ஐ, வை, ஏ எல்லாம் அப்பாவிகள். அங்கேயும் குழப்படி செய்தது அந்த என் ஒன்றுதான். வடக்குக்கு இங்கிலீசில் முதலெழுத்து எது என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். பழைய நாளென்றால் இரண்டு பேரையும் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

தமிழ் எழுத்துகளுக்குக் கண்ணாடி ராசி இல்லை. க, ச, ழ எல்லாம் கண்ணாடிக்குள் போனால் தெலுங்கும் இல்லாமல் சிங்களமும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். அசையாமல் நிற்பவை ப-வும் ஆய்தமும்தான் என்று சொல்லலாம். ப-வைத் தலைகீழாய்க் கவிழ்த்தால் துணைக்கால் கிடைக்கும், அது உபரி லாபம். இந்த முதலை வைத்து ஒத்து ஊதலாம், பஃப்ப பஃப்ப என்று. ஊர்ப்பெயர் எழுத ஏலாது.

அதனால்தான் எங்கள் ஆட்கள் எழுத்தின் உருவத்தை விட்டுவிட்டு வரிசையைத் திருப்பினார்கள். அதற்கு மாலைமாற்று என்று பெயர். முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும் ஒரே பாட்டு. ஏழாம் நூற்றாண்டில் சீர்காழியில் ஞானப்பால் குடித்த பிள்ளை சம்பந்தர் 11 பாட்டு இப்படிப் பாடிவைக்க, அதை மூன்றாம் திருமுறையில் சேர்த்திருக்கிறார்கள். ஓதுவார் நடுவில் தூங்கி விழுந்து, எழும்பிப் பின்பக்கமாய் ஓதினாலும் ஒருவருக்கும் விளங்காது. அதே சம்பந்தர் இராமேச்சரத்தில் நின்றபடியே கடலுக்கு இந்தப் பக்கமிருக்கிற கேதீச்சரத்தைப் பாடிவிட்டுத் திரும்பிப் போனார் என்று பெரியபுராணம் சொல்லும். பாஸ் எடுக்காமல், மூட்டை அவிழ்க்காமல் எங்கள் பக்கம் வந்துபோன ஒரே யாத்திரிகர் அவர்தான். பின்னால் தண்டியலங்காரக்காரர் மாலைமாற்றைச் சித்திரக்கவிக் கணக்கில் சேர்த்து இலக்கணம் எழுதினார். அதற்கும் பின்னால் தெனாலிராமனுக்குக் காளி விகடகவி என்று பட்டம் கொடுத்தாள். திருப்பினாலும் விகடகவி. காளிக்கும் பகிடி தெரிந்திருக்கிறது.

இலக்கணம் படியாத சனமும் நாள் முழுக்க மாலைமாற்றில்தான் கதைக்கிறது. மாமா, தாத்தா, பாப்பா, காக்கா. வினவி என்பதைத் திருப்பினால் வினவி. மாறுமா என்பதைத் திருப்பினால் மாறுமா, மாறாது. இந்தியத் தமிழர் தேதி என்கிறார்கள், அது திரும்பாது. நாங்கள் திகதி என்கிறோம். தி, க, தி. எந்தப் பக்கத்தால் பிடித்தாலும் திகதி.

2002இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்தபோது, ஓமந்தையில் அரசாங்கத்தின் சோதனைச் சாவடி, புளியங்குளத்தில் புலிகள் இயக்கத்தின் சோதனைச் சாவடி, நடுவில் செஞ்சிலுவைக்காரர். இரண்டு பக்கமும் படிவம் நிரப்ப வேண்டும். பெயரை ஒரு பக்கம் ஒரு மாதிரி வாசிக்கும், மறுபக்கம் இன்னொரு மாதிரி. விலாசமும் அப்படித்தான். போகிற காரணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். படிவம் முழுக்கத் தேடினாலும் இரண்டு பக்கத்தாரும் ஒரேமாதிரி வாசித்த சொல் திகதி ஒன்றுதான்.

நேரம் என்று ஒரு இடம் இருந்திருந்தால் அதுவும் கெட்டிருக்கும். அந்தக் கதை 1996இல் தொடங்குகிறது. மழை இல்லை, நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிப்போம் என்று கொழும்பு அந்த மே மாதம் 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளிவிட்டது. கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி தள்ளி இருந்த நாடு ஆறரை மணி தள்ளிப் போனது. வன்னியில் இயக்கம் மாட்டேன் என்றுவிட்டது. மின்கம்பி செத்துப் பல வருசமான இடத்தில் சனம் எந்த மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது? குப்பிவிளக்குக்கு மணிக்கூடு தெரியாது. ஆக ஒரே தீவில் இரண்டு நேரம்.

அப்போது நாங்கள் இடம்பெயர்ந்திருந்த ஊரில் ஓலையால் வேய்ந்த ஒரு சலூன். முன்சுவரில் ரசம் போன கண்ணாடி, அதற்கு நேரெதிரே பின்சுவரில் மணிக்கூடு. வாங்கில் காத்திருக்கிறவருக்கு மணிக்கூடு நேராய்த் தெரியும். கதிரையில் ஏறியவருக்குக் கண்ணாடிக்குள்ளால் தெரியும். ஒரு பின்னேரம் நான் கதிரையில். கழுத்தில் வெள்ளைத் துணி, அதற்குள் போன மயிர் ஒன்று குத்திக்கொண்டிருக்கிறது. சொறியக் கை வெளியே வராது. கண்ணாடியில் பார்த்தால் மணி ஆறரை. ஊரடங்குக்கு முதல் வீடு போகவேண்டுமே என்று பதறி, "அண்ணை, கெதியாய்" என்றேன். சலூன் அண்ணை கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னார்:

"தம்பி, பொறு. கதிரையில ஏறினாக் கொழும்பு நேரம். இறங்கினா வன்னி நேரம். ஒரு மணித்தியாலம் கிடக்கு."

இறங்கிப் பார்த்தேன். ஐந்தரை.

மனுசன் பகிடிக்குச் சொன்னது கணக்கிலும் சரி. முள் மணிக்கூட்டைக் கண்ணாடியில் பார்த்தால், உண்மையான நேரத்தைப் பன்னிரண்டிலிருந்து கழித்தால் வருவதுதான் தெரியும். ஐந்தரையின் பிம்பம் ஆறரை. கிரீன்விச்சில் மணி பன்னிரண்டு அடிக்கிறபோது வன்னியில் ஐந்தரை, கொழும்பில் ஆறரை. ஒன்று மற்றதின் கண்ணாடி. ஜனாதிபதி சந்திரிகா அம்மையாரும் இயக்கத் தலைவர் பிரபாகரனும் எத்தனையோ விசயத்தில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் இந்த ஒரு விசயத்தில் எதிரும் புதிருமாய் நின்று ஒருவருக்கொருவர் கண்ணாடி பிடித்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் தெரியாமலே.

கொழும்புக்கு ஆறரை ஒத்துவரவில்லை. விடிந்தும் விடியாமலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஒக்ரோபர் கடைசியில் அரை மணித்தியாலம் பின்னால் வந்து ஆறில் நின்றது. ஆறு மணியைக் கண்ணாடியில் பார்த்தாலும் ஆறு மணிதான், பெரிய முள் உச்சியில், சின்ன முள் அடியில். கொழும்பு மாலைமாற்று ஆகிவிட்டது. நாங்கள் ஐந்தரையிலேயே கிடந்தோம்.

1997 மே 13இல் ஜெயசிக்குறு தொடங்கியது. சிங்களத்தில் வெற்றி நிச்சயம் என்று அர்த்தம். தொடங்கமுதலே முடிவைப் பெயராய் வைத்த படைநடவடிக்கை. அரசாங்க வானொலி ஊர்ப்பெயர்களைத் தெற்கிலிருந்து வடக்காய் வாசித்துக்கொண்டு போனது: ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் மாதக்கணக்கு. ஒன்றரை வருசம் வாசித்தும் பாட்டு முடியவில்லை, கிளிநொச்சி என்ற கடைசிச் சீர் வரவில்லை. 1999 நவம்பரில் ஓயாத அலைகள் மூன்று என்ற புலிகளின் தாக்குதல் வந்தது. இப்போது புலிகளின் குரல் வானொலி வாசித்தது: மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை வாசல். ஒரு கிழமைக்குள் முழுப் பாட்டும் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. சம்பந்தர் கூட இத்தனை வேகமாய்த் திருப்பியிருக்க மாட்டார். இரண்டு வாசிப்பிலும் எங்கள் வேலை ஒன்றுதான். பாயைச் சுருட்டு, சட்டியைத் தூக்கு, நட.

சமாதான காலத்துக்கு வருவோம். ஓமந்தையில் வாகனத்துக்கு அடியில் நீட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். நீளத் தடி, நுனியில் சில்லுப் பூட்டின வட்டக் கண்ணாடி. எங்கள் வானின் வயிற்றை நாங்களே அதற்குமுன் கண்டதில்லை. ஒருநாள் அந்தக் கண்ணாடிக்குள் தெரிந்த ஒழுக்கைக் காட்டி, "மல்லி, ஒயில் போகுது" என்று சைகையால் சொன்ன சிப்பாயை வான்காரர் கடைசிவரை நன்றியோடு நினைத்தார்.

சிப்பாய்களோடு எங்கள் பேச்சு இரண்டே சொல். எங்கள் தமிழில் சம்மதத்துக்கு ஓம். சிங்களத்தில் சரி என்பதற்கு ஹரி. அவர் கடதாசியைப் பார்த்து ஹரி என்பார். நாங்கள் ஓம் என்போம். மறுபடி ஹரி, மறுபடி ஓம். தூரத்தில் நின்று கேட்டவன் பஜனை நடக்கிறது என்றே நினைப்பான். ஹரி ஓம், ஹரி ஓம், அடுத்த ஆள் வா.

ஒருமுறை என் கையில் சனசமூக நிலையத்துக் கடிதம். இன்னார் இந்த ஊரில்தான் வசிக்கிறார் என்று எழுதி, புதிதாய் வெட்டின றப்பர் முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். முத்திரை வெட்டியவர் தொழிலுக்குப் புதுசு. றப்பரில் எழுத்தைத் திருப்பி வெட்டினால்தான் தாளில் நேராய் விழும். அவர் பார்க்க வடிவாய் இருக்கட்டும் என்று நேராகவே வெட்டிவிட்டார். தாளில் ஊர்ப்பெயர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஈய எழுத்துக் கோத்த பழைய அச்சுக்காரர் கண்டால் தலையில் அடித்திருப்பார்கள். மானிப்பாயில் அமெரிக்க மிசன் 1834இல் அச்சுக்கூடம் வைத்த நாளிலிருந்து, உதயதாரகைக்கு எழுத்துக் கோத்த கைகளிலிருந்து, திரும்பின எழுத்தில் தமிழை வாசிக்கப் பழகின கூட்டம் அது.

சிப்பாய் அந்தக் கடிதத்தை வாங்கினார். நேராய்ப் பார்த்தார். தலைகீழாய்ப் பார்த்தார். பிறகு வெயிலுக்கு நேரே பிடித்து, தாளின் முதுகுப்பக்கமாய்ப் பார்த்தார். அங்கே முத்திரை அச்சொட்டாய் நேரே தெரிந்திருக்கும். எனக்கு வியர்த்துவிட்டது, இவருக்கு இவ்வளவு தமிழ் தெரியுமோ என்று. தாளை மடித்துத் தந்தார்.

"ஹரி."

"ஓம்" என்றேன். அவருக்குத் தமிழ் எந்தப் பக்கத்தாலும் தெரியாது. தாள் கள்ளத்தாளா என்று நீரெழுத்துத் தேடியிருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரிக்கவும் எனக்கு உரிமை இல்லை. இலங்கையின் ஆதிப் பிராமிக் கல்வெட்டுகளில் சில வலமிருந்து இடமாய் வெட்டப்பட்டவை. நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தால் தொடங்கியிருப்பான் கல்தச்சன், வெயில் அப்படி.

சாவடிகளுக்கு நடுவில் நிற்கிறபோதெல்லாம் எனக்குத் தாராசுரத்து இடபகுஞ்சரம்தான் நினைவு வரும். ஐராவதேசுவரர் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பி செய்த குறும்பு அது. உடல் இரண்டு, தலை ஒன்று. ஒரு பக்கத்து உடலை மறைத்தால் தலை யானை, மறு பக்கத்தை மறைத்தால் அதே தலை எருது. சிங்களச் சிற்பக்காரருக்கும் இந்த வடிவத்தில் ஆசை. உசப குஞ்சரய என்பார்கள். ஓமந்தையில் எங்களை எருது என்று பார்த்து வரிசையில் விட்டார்கள். புளியங்குளத்தில் யானை என்று பார்த்து வரி கேட்டார்கள். தலை ஒன்றுதான். அதை யார் பக்கம் திருப்புவது என்பதுதான் கேள்வி.

அப்போதும் கொழும்பு ஆறில், வன்னி ஐந்தரையில். வடக்கே போகிறவருக்கு அரை மணித்தியாலம் இனாம். கைமணிக்கூட்டைப் பின்னால் திருப்பினால் போதும், வயது அவ்வளவு குறையும். அதைச் சாவடி வரிசையிலேயே செலவழித்துவிட்டுத்தான் வீடு போகலாம். 2006 ஏப்ரல் 15இல் கொழும்பு அரை மணித்தியாலத்தைக் கைவிட்டு ஐந்தரைக்குத் திரும்பி வந்தது. பத்து வருசம் கொஞ்சம் குறைய. முழுத் தீவிலும் ஒரே நேரம். அந்த ஓகஸ்ற்றிலேயே முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது.

பிறகு நடந்ததை எந்தப் பக்கத்தால் எழுதினாலும் பகிடி வராது. 2011க்குத் தாவுகிறேன்.

1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில், 1990க்குப் பிறகு வவுனியாவோடு நின்றுவிட்டது. பெயரை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. 2011 மே 27இல் ஓமந்தை வரை பாதை போட்டுத் திறந்தார்கள். கிளிநொச்சிக்குப் போக 2013 செப்ரெம்பர் ஆனது, யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபர். நடுவிலிருந்த இரண்டு வருசம் நாங்கள்தான் உலகத்தின் முடிவு. கோச்சி வந்து நிற்கும். இஞ்சினைக் கழற்றி மற்றத் தண்டவாளத்தால் கொண்டுபோய் வால்பக்கம் கொளுவுவார்கள். வால் தலையாகிவிடும்.

புது மேடையில், சீமெந்து மணம் போகாத வாங்கில், ஒரு அம்மா பையோடு இருந்தார். இஞ்சின் பக்கம் மாறுவதைப் பார்த்துவிட்டுக் கார்ட்டைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது எந்தப் பக்கம் போகுது?"

"வந்த பக்கம், அம்மா."

"யாழ்தேவி எண்டு போட்டிருக்கே?"

"அது பேர்."

அம்மா பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பலகையை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"அப்ப யாழை அழிச்சுப்போட்டுத் தேவி எண்டு மட்டும் எழுதுங்கோ, மோனை. மிச்சத்தை அங்க போன பிறகு எழுதலாம்."