எலுமிச்சம்பழமும் பிரேக் லைனரும்

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறி இறங்கும் பஸ்களில் மிக ஒழுங்காகப் பராமரிக்கப்படும் உதிரிப்பாகம் எதுவென்று கேட்டால், முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழம் என்றுதான் சொல்வேன். வாடுவதற்குள் மாற்றிவிடுகிறார்கள். பச்சை மிளகாய் சேர்த்துக் கோர்க்கிறார்கள். அதே பஸ்ஸின் சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் பிரேக் லைனருக்கு இப்படி நாளும் கிழமையும் கிடையாது. கிறீச்சென்று கத்தினால்தான் அது கராஜுக்குப் போகும். கத்துவதும் லைனர் அல்ல. லைனர் தேய்ந்து முடிந்த பிறகு டிரம்மை உரசும் ரிவெட் ஆணி. நோயாளி போன பின் எழும் ஒப்பாரியைக் கேட்டு வைத்தியரைத் தேடுகிற கதைதான். அந்த நேரம் லைனரோடு டிரம்மிலும் கோடு விழுந்திருக்கும். அதை லேத்தில் கடைய வேண்டும். உள்விட்டம் இதற்கு மேல் போகக்கூடாது என்று டிரம்மிலேயே பொறித்திருக்கும் அளவு தாண்டிவிட்டால், கடையவும் வழியில்லை.

லைனரைத் தின்பது சூடு என்பது என் கட்சி. கணக்கு எளிது. 10 டன் எடையுள்ள பஸ் ஒன்று 500 மீற்றர் உயரத்தை இறங்கினால், ஏறும்போது டீசல் எரித்துச் சேமித்த சக்தி முழுவதும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அது 150 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஆயிரம் கோப்பைத் தேநீர்! காற்றும் டயரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டாலும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிற சாரதி மிச்சத்தை லைனருக்குள்ளும் டிரம்முக்குள்ளும் திணிக்கிறார். லைனரைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வகைப் பிசின். அளவு மீறிச் சூடானால் அது கருகி, மேற்பரப்பு கண்ணாடி போல் வழுக்கத் தொடங்கும். டிரம்மோ சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகும். பெடலை இன்னும் அழுத்த வேண்டும். அழுத்த அழுத்தச் சூடு. சூடு ஏற ஏறத் தேய்மானம். பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்குவதை நிதானம் என்று நினைக்கும் பயணிகளுக்கு இது தெரிவதில்லை.

குளிர்நாட்டுக்காரர்கள் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைலிலும் இதே வழக்குத்தான். அதன் ரப்பர் பட்டை ஓடுவது பிளாஸ்டிக் சறுக்குப் பட்டிகளின் மேல். உரசும் சூட்டை ஆற்றி, வழுக்கவும் வைப்பது கிளம்பிவரும் பனிதான். பனி குறைந்த பாதையிலோ கட்டிப்பட்ட ஐஸிலோ ஓட்டினால் பிளாஸ்டிக் உருகிப் பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே தரையைக் கீறிப் பனித்தூளைத் தெறிக்கவிடும் கம்பிகளை மாட்டுகிறார்கள். பட்டை கோணினால் ஒரு பக்கப் பட்டி மட்டும் தேயும். ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் வறண்ட காற்று தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைக் கொடுக்கிறதே தவிர, டிரம்முக்குப் பனி கொடுப்பதில்லை. வழியில் பீலித் தண்ணீர் இருக்கிறதே என்று கொதிக்கிற டிரம்மில் வாளியோடு ஊற்றுவது பரிகாரமாகாது. வார்ப்பிரும்பு வெடித்துவிடும். ஸ்னோமொபைலிடமிருந்து நமக்குப் பொருந்தும் பாடம் மற்றது. நாலு சக்கரத்திலும் லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு சக்கரம் மாடாய் உழைக்க, மற்ற மூன்றும் சவாரி வரும். இதைச் சரிபார்க்க நாள் குறிக்கத் தெரியாதவர்கள் எலுமிச்சம்பழம் மாற்றும் நாளையே வைத்துக்கொள்ளலாம். பழமும் கோபிக்காது.

இடைவெளி சரியாக இருந்தாலும் சூடு பிறக்கத்தான் செய்யும். அதைப் பிறக்கவிடாமல் செய்வதே பெரிய பராமரிப்பு. இதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 6,226 அடி உயரத்திலிருக்கும் பட்டிப்பொலவிலிருந்து ரயிலைப் பதுளைக்கு இறக்கியவர்கள், 44 அடிக்கு ஒரு அடிக்கு மேல் சரியக்கூடாது என்று பாதையைச் சுற்றிச் சுற்றி நீட்டினார்கள். தெமோதரையில் தண்டவாளம் மலையைச் சுற்றி வந்து, தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. நல்ல பிரேக் கட்டை வாங்கினால் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் 1924 க்கு முன்பே ரயில் பதுளைக்கு வந்திருக்கலாம், நிற்காமல். பஸ் சாரதிக்குப் பாதையை நீட்டும் அதிகாரம் இல்லை. கியர் போடும் அதிகாரம் இருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எக்சோஸ்ட் பிரேக் உள்ள வண்டியென்றால் இன்னும் நல்லது.

இதற்கு உடனே வரும் மறுப்பு, டீசல் போய்விடும் என்பது. அதனால்தான் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்களாம். உண்மை தலைகீழ். கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். பம்பு டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். போதாக்குறைக்கு, காற்றுப் பிரேக் வண்டியில் மெதுவாகச் சுழலும் எஞ்சின் காற்றையும் மெதுவாகத்தான் நிரப்பும். பெடலோ அடிக்கடி அதைச் செலவழிக்கும். அடுத்தது, எஞ்சின் தேய்ந்தால் லைனரைவிடச் செலவாகுமே என்பது. எஞ்சினுக்குள் உரசுவதெல்லாம் ஓயிலில் குளித்தபடி உரசுகிறது. லைனர் காய்ந்த வயிற்றோடு உரசுகிறது. சுழற்சி எல்லை தாண்டாதவரை எஞ்சினுக்கு இது பெரிய பாரமில்லை. லைனர் மலிவு என்ற வாதமும் 2022 இல் செத்துவிட்டது. அந்த வருடம் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு எகிறியபோது இறக்குமதிச் சாமான் எதுவும் மலிவாக இருக்கவில்லை.

எனக்கு உடனே பதில் கிடைக்காத மறுப்பு ஒன்றுதான். முன்னால் போகிற பஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும், பின்னால் வருகிறது முந்தப் பார்க்கும், டைம் கீப்பர் கொப்பியோடு நிற்கிறார், சேர்கிற பணத்தைப் பொறுத்துத்தான் அன்றைய சம்பளம். இப்படியிருக்கையில் செகண்ட் கியரில் இறங்கச் சொல்வது சாரதிக்கு உபதேசமாக இருக்குமே தவிர உதவியாக இருக்காது. அந்த மனிதர் வளைவுக்கு வளைவு மிதிப்பதும் விடுவதும் சம்பளக் கணக்குப் பார்த்துத்தான். ஆகவே லைனரின் ஆயுளைக் கூட்ட விரும்பும் முதலாளி, கராஜ்காரரிடம் போவதற்கு முன் சாரதியின் சம்பளத்தை வசூலிலிருந்து கழற்றிப் பார்க்கட்டும். ஸ்பானர்கூடத் தேவையில்லை.