அபூர்வப் பெயர் தேவை

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் குழந்தை பிறந்தால் தொட்டில் வருவதற்குள் ஜோதிடர் வந்துவிடுகிறார். அஸ்வினி நட்சத்திரமா? சு, சே, சோ, ல. இந்த நாலு எழுத்துக்குள், ஊரில் ஒருவருக்கும் இல்லாத பெயர் வேண்டும். நடுவில் ஒரு ‘க்‌ஷி’ கட்டாயம். கூட்டுத்தொகை சரியாக வர, இங்கிலீஷில் ஒரு ‘ஹெச்’ உபரி. தாத்தா பல்செட் கழலாமல் சொல்லிவிட்டால் அபூர்வம் போதவில்லை என்று அர்த்தம். இத்தனை பாடுபட்டும், எல்.கே.ஜி. மிஸ் ‘லக்‌ஷித்’ என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து நிற்கிறார்கள்!

நிஜமான அபூர்வப் பெயர் ஊருக்குள்ளேயே கேட்பாரற்றுக் கிடக்கிறது: கணிகண்ணன். திருமழிசை ஆழ்வாரின் சீடர். பல்லவ மன்னன் தன்னைப் பாடச் சொன்னான், மறுத்தார், காஞ்சியை விட்டுப் போ என்றான். சீடர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்ப, அவர் சொல்லைக் கேட்டுத் திருவெஃகா பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார் என்கிறது தலபுராணம். அன்றிரவு தங்கிய இடம் ‘ஓரிரவிருக்கை’. அதுவே தேய்ந்து ஓரிக்கை. மன்னன் வந்து கெஞ்சியதும் திரும்பிப் போய்ப் படுத்த பெருமாளுக்கு, ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ என்றே பெயர் நிலைத்தது. எந்த விண்ணப்பக் கட்டத்திலும் அடங்காத பெயர்.

பெற்றோர் பதற வேண்டாம். பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணமில்லை. தாமதக் கட்டணம் கட்டினால் 15 ஆண்டு வரை அவகாசம். அதற்குள் பையனுக்கு மீசை அரும்பிவிடும், ‘கணிகண்ணனா? அங்கிள் பேர் மாதிரி இருக்குப்பா’ என்று அவனே நிராகரித்துவிடுவான்.