‘இரு மச்சி, ஒரே ஒரு போட்டோ!’

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் எந்த நண்பர் கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு போட்டோக்காரர் கட்டாயம் இருப்பார். அவரை யாரும் நியமிக்கவில்லை, சம்பளமும் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் ஷூ கம்பெனியில் கட்டிங்கிலோ, செக்கிங்கிலோ, ஏற்றுமதி அலுவலகத்திலோ தலைகுனிந்து வேலை பார்ப்பவர்தான். ஏழாம் நாள் காலையில் கழுத்தில் கேமரா ஏறியதும் ஆளே மாறிவிடுவார். எங்கே போவது என்பதை மற்றவர்கள் தூரத்தையும் பெட்ரோலையும் வைத்து முடிவு செய்வார்கள். இவர் பின்னணியை வைத்து முடிவு செய்வார். ஏலகிரி என்றால் பனி, ஜலகாம்பாறை என்றால் அருவி, வேலூர்க் கோட்டை என்றால் அகழி. ஏலகிரிப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரையும் வள்ளல்கள் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். பெயர்ப்பலகை ஒன்றைக்கூட விடாமல் வண்டியை நிறுத்தவைத்துத் தமிழ்த்தொண்டு ஆற்றுகிறவர் இவர் ஒருவர்தான். மேலே போய்ச் சேர்வதற்குள் பனி கலைந்திருக்கும். புங்கனூர் ஏரியில் படகு விடுவதையும் நிறுத்தியிருப்பார்கள்.

இவர்மேல் நண்பர்கள் அடுக்கும் புகார்கள் பல. ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணி ஆவி பறக்க இலைக்கு வந்ததும், ‘யாரும் கை வைக்காதீங்கடா’ என்று உத்தரவு போடுவார். கத்திரிக்காயை ஒரு பக்கம் தள்ளி, வெங்காயப் பச்சடியை இன்னொரு பக்கம் இழுத்து, பசியோடிருக்கும் ஆறு பேரைச் சிரிக்கச் சொல்லி அவர் எடுத்து முடிக்கும்போது, ஆவி படத்தில் மட்டும்தான் மிச்சம் இருக்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் ஆய்வகத்துக்குப் போனாலும் இதே கதைதான். வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு அறிவியலாளர்கள் அண்டத்தைப் பார்க்கிறார்கள். நம்மவர் அந்தக் குவிமாடத்தின் முன் நின்று தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறார். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமராவும் செல்போனும் கொண்டுபோக முடியாது. நண்பர்கள் அங்கே அடிக்கடி போகத் துடிப்பதற்குப் பக்தி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

இவ்வளவையும் கேட்டபிறகு, இவர் அளவுக்கு மீறிப் படம் எடுக்கிறார் என்றுதான் யாரும் தீர்ப்புச் சொல்வார்கள். என் கட்சி நேரெதிர்: இவரிடம் உள்ள குறை, போதுமான அளவு எடுக்காததுதான். இவர் எடுப்பது வீண் என்று தள்ளிவிட முடியாது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலங்களின்மேல் நின்று படம் எடுத்தவர்களில் பெரும்பகுதி இந்த இனத்தார்தான். தண்ணீரில்லாத ஆறு என்று கேலி கேட்டே வளர்ந்த ஊர் இது. நாளை ஒரு பேரப்பிள்ளை நம்ப மறுத்தால் காட்டுவதற்கு அந்தப் படங்கள்தான் இருக்கும். எந்த அரசாணையும் இல்லாமல், எந்த நிதி ஒதுக்கீடும் இல்லாமல் ஓர் ஆவணக் காப்பகத்தையே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். ஆனால் அந்தக் காப்பகத்தைப் புரட்டும் வெளியூர்க்காரர் என்ன முடிவுக்கு வருவார்? இந்தப் பகுதி மக்கள் பனியைக் குடித்து, பிரியாணியைத் தின்று, கோட்டை மதில்மேல் சாய்ந்தே காலத்தை ஓட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார். அந்த கேமராவை வாங்கிக்கொடுத்த தோல் தொழில் மட்டும் ஒரு படத்திலும் இருக்காது.

தோல் இந்த ஊரின் ஓரத்தில் கிடக்கும் சங்கதியாக இருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம். அவர் ஆசையாகப் படமெடுக்கும் கோட்டையையே பாருங்கள். 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்னது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றதும், பாலாற்றில் கலந்த தோல் கழிவைப் பற்றிய வேலூர் வழக்கில்தான். ஒரு மதிலின் வரலாற்றிலும் ஓர் ஆற்றின் வரலாற்றிலும் இருக்கும் பொருள், நம்மவரின் ஆல்பத்தில் அவர் காலில் போட்டிருக்கும் ஷூவாக மட்டுமே வருகிறது. அதையும் இடுப்புக்குமேல் எடுக்கும் படங்களில் வெட்டிவிடுகிறார்.

அவர் தரப்பில் சொல்வதற்கும் நியாயங்கள் உண்டு. கம்பெனிக்குள் போன் எடுக்க விடமாட்டார்கள். அடுத்த சீசன் மாடல் வெளியே போய்விட்டால் வெளிநாட்டு பையர் சும்மா இருப்பாரா? உண்மைதான். ஆனால் ஸ்ரீபுரத்தில் உள்ளே எடுக்க முடியாது என்றதும் வாசலிலேயே ஆல்பத்தை நிரப்பிவிட்டு வரும் மனிதருக்குக் கம்பெனி வாசல் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை? ஷிப்டு முடிந்து பெண்கள் டிபன் பையோடு வேனுக்கு ஓடும் அந்தச் சாயங்கால வெளிச்சத்துக்கு எந்த மலையும் ஈடாகாது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் கம்பெனி ரகசியம் எதுவும் கசியாது. அடுத்த வாதம், நாற்றம். டேனரிப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பார்கள். போட்டோவில் நாற்றம் வராது. இந்தத் தொழிலைப் பொறுத்தவரை கேமராவுக்கு உள்ள தனிச்சிறப்பே அதுதான்.

கனமான வாதம் மூன்றாவது. ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் வேலையை மறக்கத்தானே மலையேறுகிறான், அங்கேயும் தோலை நினைவுபடுத்துவது கொடுமையில்லையா? இதற்கு நான் பாதி இணங்குகிறேன். ஓய்வு நாளின் சிரிப்பு, உழைத்துச் சம்பாதித்த சிரிப்பு. அதைப் பதிவு செய்வதும் வரலாறுதான். மீதிப் பாதிக்கு இணங்க முடியாததற்குக் காரணம் உண்டு. இவர் எடுக்காமல் விட்ட இடத்தில் வெளியூர் கேமராக்கள் வந்து நிற்கின்றன. அவை தேடி வருவது நுரைத்த கழிவுநீரையும் வெடித்த ஆற்றுப்படுகையையும்தான். அவையும் பொய்யில்லை, எடுக்கப்பட வேண்டியவைதான். ஆனால் ஒரு பக்கம் பனி, மறுபக்கம் நுரை என்று ஆகிவிட்டால் நடுவில் இருக்கும் மனிதர்கள் எந்தப் படத்திலும் அகப்படமாட்டார்கள். தோலை விரலால் தடவியே தரம் சொல்பவர், ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துத் தைத்துத் தோள் வலி கண்டவர், ஓவர்டைம் விழுந்ததால் ஏலகிரிக்கு வர முடியாமல்போன நண்பர் ஆகியோரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘இப்படித் திரும்பு மச்சி’ என்று உரிமையோடு சொல்ல வெளியூர்க்காரரால் முடியாது. நம்மவரால் முடியும்.

ஆகவே இவரைக் கண்டால் ஓடும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவைப் பிடுங்காதீர்கள், ஏலகிரிக்குப் புறப்படும் முன் வண்டியைக் கம்பெனி வாசலில் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே அவர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், பிரியாணி இன்னும் இலைக்கு வரவில்லை.